மச்சி, நல்ல படம் ஒண்ணு சொல்லேன்!

இந்தக் கேள்வியைக் கேட்காத ஃப்ரெண்டு யாருக்காவது உண்டா? எனக்கு வாரத்துக்கு நாலு பேராவது கேக்குறாங்க. அதுவும் வெள்ளிக்கிழமை சாயந்திரம் அண்ணனூர் வர்ற லோக்கல்ல, கதவோரம் தொங்கிட்டு வரும்போதுதான் கேப்பாங்க. வில்லிவாக்கம் தாண்டினதும் ஆரம்பிக்கும். கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல்னு ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு படம் சொல்லணும். "அது பாத்துட்டேன்", "அது போர்", "அதுல யாரு ஹீரோயின்?"னு பதில் வந்துட்டே இருக்கும். நம்ம ஸ்டேஷன் வந்திடும், படம் மட்டும் முடிவாகாது.

கேக்கறதுக்கு ரொம்ப ஈஸியான கேள்வி. ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஒரு படத்தை சிபாரிசு பண்றதுன்னா அடுத்தவனோட ரெண்டரை மணி நேரத்தைக் கேட்டு வாங்குறோம்னு அர்த்தம். கையில நூறு ரூபா கேட்டா ஆயிரம் கேள்வி கேக்குறவன்கூட, "நீ சொன்னியேன்னு பாத்தேன்டா"ன்னு ரெண்டரை மணி நேரத்தைச் சும்மா கொடுத்துடுவான். அதுக்குப் பேரு நம்பிக்கை. அதனாலதான் இதை விளையாட்டா எடுத்துக்க முடியலை.

இன்னொண்ணும் இருக்கு. நமக்குப் பிடிச்ச படத்தைச் சொல்லும்போது நம்மளையும் கொஞ்சம் சேர்த்துக் காட்டிக் கொடுத்துடறோம். எங்க க்ளாஸ்ல ஒருத்தன் இருக்கான். எப்பவும் அடிதடிப் படம்தான் பேசுவான். ஒரு நாள் மெதுவா பக்கத்துல வந்து, "மச்சி, அன்பே சிவம் பாத்திருக்கியா?"ன்னு கேட்டான். அன்னிக்குதான் அவனை எனக்குப் புதுசா தெரிஞ்சுது.

அந்தப் படத்தோட கதையே ஒரு பாடம். அன்பே சிவம் 2003 பொங்கலுக்கு வந்தது. சுந்தர்.சி இயக்கம், கமல் கதை திரைக்கதை, மதன் வசனம். அதே பொங்கலுக்கு விக்ரமோட 'தூள்' வந்து தூள் கிளப்பிச்சு. அன்பே சிவம் தியேட்டர்ல ஓடலை. எங்க வயசுப் பசங்க யாரும் அதைத் தியேட்டர்ல பாத்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனா இன்னிக்கு எங்க க்ளாஸ்ல பாதிப் பேருக்கு அந்தப் படம் பிடிக்கும். எப்படி? டிவில திரும்பத் திரும்பப் போட்டாங்க. ஒரு மாமா ஒரு பையனுக்குச் சொன்னார், அவன் இன்னொருத்தனுக்குச் சொன்னான். அவ்ளோதான். போஸ்டர் கிழிஞ்சு போயிடும், பேனர் கழட்டிடுவாங்க. "நல்லா இருக்குடா, பாரு"ங்கிற வார்த்தை மட்டும் இருபது வருஷமா நடந்து வந்துட்டே இருக்கு.

இன்னும் பெரிய உதாரணம் 'சேது'. பாலாவோட முதல் படம். விக்ரம் அப்போ கிட்டத்தட்ட பத்து வருஷமா ஜெயிக்காத ஹீரோ. படத்தை எடுத்து முடிச்சுட்டாங்க, வாங்கத்தான் ஆள் இல்லை. விநியோகஸ்தர்களுக்குத் திரும்பத் திரும்பப் போட்டுக் காமிச்சும் யாரும் கை கொடுக்கலை. 1999 டிசம்பர்ல ஒரு வழியா வெளியானப்போ, புறநகர்ல ஒரு தியேட்டர்ல, அதுவும் பகல் காட்சி மட்டும்தான் கிடைச்சுது. பகல் காட்சின்னா தெரியுமில்ல? வேலைக்குப் போறவன் வர மாட்டான், ஃபேமிலி வராது. காலேஜ் கட் அடிச்சவன் மட்டும்தான் வருவான். அந்தப் பகல் காட்சிக்கு வந்தவங்க வெளியே போய்ச் சொன்னாங்க. அவ்வளவுதான் விளம்பரம். அதுக்கப்புறம் தியேட்டர் கூடிச்சு, ஷோ கூடிச்சு, நூறு நாளைத் தாண்டிப் போச்சு. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைச்சுது. 2003ல சல்மான் கானை வச்சு ஹிந்தியில 'தேரே நாம்'னு எடுத்தாங்க. விக்ரம்ங்கிற நடிகருக்கே 'சீயான்'ங்கிற பேரு இந்தப் படத்துலேர்ந்துதான் வந்துச்சு.

அந்தப் பகல் காட்சியில உக்காந்திருந்த யாரோ ஒருத்தன் வீட்டுக்குப் போய் எதுவும் பேசாம தூங்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்? நினைச்சுப் பாருங்க!

அதுக்கும் முன்னாடி 1980ல 'ஒருதலை ராகம்'. எல்லாரும் புதுமுகம். முதல் நாட்கள்ல காத்து வாங்கின படம், அப்புறம் காலேஜ் பசங்க வாய்வழியா பரவி ஓடோ ஓடுன்னு ஓடிச்சு. நம்ம காலத்துல 2024ல 'லப்பர் பந்து', 2025ல 'டூரிஸ்ட் ஃபேமிலி'. ரெண்டும் பெரிய ஆர்ப்பாட்டம் இல்லாம வந்த படங்கள். டூரிஸ்ட் ஃபேமிலி வந்த அதே மே 1ஆம் தேதிதான் சூர்யாவோட 'ரெட்ரோ'வும் வந்துச்சு. ஆனாலும் அம்மாக்கள் அக்காக்களுக்குச் சொல்லி, அக்காக்கள் மாமியாருக்குச் சொல்லிக் கூட்டம் சேர்ந்துச்சு. எங்க வீட்டுலயே அப்படித்தான் கிளம்பினாங்க.

எல்லாப் படத்துக்கும் இந்த அதிர்ஷ்டம் அமையறதில்லை. ருத்ரய்யாவோட 'அவள் அப்படித்தான்' 1978 தீபாவளிக்கு வந்தது. ரஜினி, கமல், ஸ்ரீப்ரியா மூணு பேரும் இருந்தும் அப்போ போகலை. கலர் படமா வந்துட்டிருந்த நேரத்துல கறுப்பு வெள்ளை வேற. பின்னாடி பேச ஆரம்பிச்சாங்க. பேசினாங்க, பேசினாங்க... இன்னிக்கும் தமிழ்ல சிறந்த படங்கள் பட்டியல் யார் போட்டாலும் அது இருக்கும். ஆனா ருத்ரய்யா அதுக்கப்புறம் முடிச்சு வெளியிட்டது 'கிராமத்து அத்தியாயம்' (1980) ஒண்ணுதான். 2014ல இறந்துட்டார். சிபாரிசுங்கிறது சரியான நேரத்துக்கு வந்து சேரலைன்னா ஒரு மனுஷனுக்கு எத்தனை படம் நஷ்டம், நமக்கு எத்தனை படம் நஷ்டம்! 'ஆரண்ய காண்டம்' (2011) பாத்துட்டு இப்போ ஆளாளுக்கு சிலாகிக்கிறோம். தியேட்டர்ல இருந்தப்போ சீட்டெல்லாம் காலி. தியாகராஜன் குமாரராஜாவோட அடுத்த படம் 'சூப்பர் டீலக்ஸ்' வர 2019 ஆச்சு. அதனால படம் பிடிச்சா தியேட்டர்ல இருக்கும்போதே சொல்லிடுங்க சாமி. பத்து வருஷம் கழிச்சு "கல்ட் க்ளாசிக்"னு சொல்றதுல எடுத்தவனுக்கு ஒரு டீ கூடத் தேறாது.

சரி, இப்போ எங்க வீட்டுக் கதை.

எங்க அப்பாவுக்கு சினிமான்னாலே ஆகாது. "எல்லாம் பொய்டா"ன்னு ஒரே வார்த்தை. அம்பத்தூர் எஸ்டேட்ல ஷிஃப்ட் முடிச்சு வந்தா நியூஸ், சாப்பாடு, தூக்கம். அவருக்கு எந்தப் படத்தைச் சொல்றதுன்னு நான் யோசிச்சதே இல்லை. போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் லேப்டாப்ல 'வீடு' ஓட்டிட்டிருந்தேன். பாலு மகேந்திரா 1988ல எடுத்தது. கதை ரொம்பச் சின்னது. வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. ஆபீஸ்ல வேலை பாக்குற ஒரு பொண்ணு, தங்கச்சி, வயசான தாத்தா. சொந்தமா ஒரு சின்ன வீடு கட்டிடலாம்னு ஆரம்பிக்கிறாங்க. அவ்வளவுதான் படம். பாட்டே கிடையாது. இளையராஜாவோட 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்துலேர்ந்து எடுத்த இசைதான் பின்னணி. அர்ச்சனாவுக்கு இதுக்காக தேசிய விருது கிடைச்சுது. தாத்தாவா வர்ற சொக்கலிங்க பாகவதரை நடிகர்னே சொல்ல முடியாது, நம்ம தெருவுல பாத்த தாத்தா மாதிரியே இருப்பார்.

அப்பா தண்ணி குடிக்க எழுந்து வந்தவர், பின்னாடி நின்னார். லோன் விஷயம் வர்ற காட்சி. நின்னுட்டே பாத்தார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டார். காண்ட்ராக்டர் சாமான்ல கை வைக்கிற இடம் வந்ததும், "பாத்தியா, பாத்தியா, இதேதான்!"னு சத்தமே போட்டுட்டார். அம்மா கிச்சன்லேர்ந்து எட்டிப் பாத்தாங்க.

அண்ணனூர்ல இது ஒண்ணும் புதுசில்ல. எங்க தெருவுல பாதி வீடு இப்படிக் கட்டினதுதான். கார் ஷெட்ல வேலை பாக்குறவங்க, ஆவடி ஃபேக்டரிக்குப் போறவங்க, எஸ்டேட் ஆளுங்க எல்லாரும் ஒரு அரை கிரவுண்டை வாங்கிப் போட்டு, பி.எஃப்.ல கொஞ்சம், நகையில கொஞ்சம், பேங்க்ல மீதின்னு எழுப்பின வீடுகள். சில வீட்டுல மேல்மாடிக்கு நீட்டி விட்ட கம்பி இன்னும் துருப்பிடிச்சு நிக்கும். எங்க வீட்டுலயும் நிக்குது.

படம் முடிஞ்சதும் அப்பா ஒண்ணும் பேசலை. பீரோவைத் திறந்தார். ஒரு பழைய நீள நோட்டு. 'வீடு கணக்கு'ன்னு மேல எழுதியிருந்துச்சு. செங்கல் இத்தனை லோடு, மணல் இத்தனை, சிமெண்ட் மூட்டை, சித்தாள் கூலி, டீ செலவு வரைக்கும் தேதி போட்டு எழுதியிருக்கார். நடுவுல ஒரு பக்கத்துல அட்வான்ஸ்னு ஒரு தொகை, சுத்தி வட்டம் போட்டிருந்துச்சு. என்னன்னு கேட்டேன். முதல்ல வேலைக்குப் பேசின மேஸ்திரி, அஸ்திவாரத்தோட வாங்கின காசோட போய்ட்டாராம். அந்த ஆறு மாசம் வேலை அப்படியே நின்னுச்சாம். அப்பா எஸ்டேட்ல ரெண்டு ஷிஃப்ட் பாத்ததும், அம்மாவோட வளையல் போனதும் அந்த ஆறு மாசத்துலதான். நான் அப்போ கைக்குழந்தை. பதினெட்டு வருஷத்துக்கு மேல இந்த வீட்டுல தூங்கி எழுந்திருக்கேன், இந்தக் கதையை யாருமே எனக்குச் சொன்னதில்லை. நானும் "என்னப்பா, மாடி ஏன் கட்டலை?"ன்னு கேட்டதில்லை.

அப்பா கடைசியா ஒண்ணு சொன்னார். "இந்த டைரக்டர் வீடு கட்டியிருக்கான்டா. இல்லன்னா இது தெரியாது." சினிமா எல்லாம் பொய்னு சொன்ன அதே மனுஷன்!

அன்னியிலேர்ந்து எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. நல்ல படம்னு பொதுவா ஒண்ணு இருக்கலாம். ஆனா சிபாரிசுன்னு வரும்போது, 'யாருக்கு?'ங்கிற கேள்விதான் முதல்ல வரணும். படத்தைத் தெரிஞ்சு வச்சிருந்தா மட்டும் போதாது, ஆளையும் தெரிஞ்சிருக்கணும். டாப் டென் லிஸ்ட் யார் வேணாலும் போடலாம். ஃபோன்ல ஆப்பே "இது உங்களுக்குப் பிடிக்கலாம்"னு காட்டுது. ஆனா எங்க அப்பா எத்தனை சிமெண்ட் மூட்டை எண்ணினார்னு அதுக்கு எப்படித் தெரியும்?

அதனால என் லிஸ்ட் இப்படித்தான் இருக்கும்:

கறுப்பு வெள்ளைன்னாலே ஓடுறவனுக்கு: 'அந்த நாள்' (1954). எஸ்.பாலசந்தர் இயக்கம், ஏவிஎம் தயாரிப்பு. பாட்டு, டான்ஸ், சண்டை எதுவும் இல்லை. 1943ல ஜப்பான்காரன் மெட்ராஸ்ல குண்டு போட்ட நேரத்துல நடக்குற கதை. படம் ஆரம்பிச்ச உடனே சிவாஜியைச் சுட்டுடுவாங்க. சுட்டது யாருன்னு தெரியற வரைக்கும் எந்திரிக்க மாட்டான்.

தம்பி தங்கச்சியோட சண்டை போட்டவனுக்கு: 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997). மஜித் மஜிதியோட ஈரான் படம். அண்ணன் தங்கச்சி ரெண்டு பேருக்கும் ஒரே ஜோடி ஷூ. மொழி தெரியலைன்னு பயப்பட வேணாம், பத்து நிமிஷத்துல மறந்துடும். தமிழ்லயே வேணும்னா 2022ல வந்த 'அக்கா குருவி' இருக்கு.

ஊர்ல தாத்தா பாட்டி இருக்குறவனுக்கு: 'கடைசி விவசாயி' (2022). மணிகண்டன் இயக்கம். அதுல நடிச்ச நல்லாண்டி தாத்தா நிஜமாவே விவசாயி. படம் வெளியாகறதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டார். பாத்துட்டு உடனே ஊருக்கு ஃபோன் போடுவீங்க, பந்தயம்!

கையில காசில்லாம மால் வாசல்ல நின்னவனுக்கு: அதே மணிகண்டனோட 'காக்கா முட்டை' (2015).

மனசு உடைஞ்சு போய் இருக்குறவனுக்கு: எதுவும் வேணாம். பக்கத்துல உக்காந்து பழைய வடிவேலு காமெடி போடுங்க. தப்பித் தவறிக்கூட 'மகாநதி' (1994) சொல்லிடாதீங்க. அருமையான படம்தான், ஆனா திடமா இருக்குறவனையே ஒரு வாரம் சாய்ச்சுப் போட்டுடும்.

அப்புறம் மூணே மூணு வேண்டுகோள். ஒண்ணு, கதையைச் சொல்லாதீங்க, பேரை மட்டும் சொல்லுங்க. ரெண்டு, "உலகத்துலயே இப்படி ஒரு படம் வந்ததில்லை"ன்னு ஏத்தி விடாதீங்க, எந்தப் படமும் அந்த உயரத்துலேர்ந்து விழுந்தா அடிபடும். மூணு, அவன் பாக்கும்போது பக்கத்துல உக்காந்து "இப்போ வரும் பாரு, இப்போ வரும் பாரு"ன்னு அவன் மூஞ்சியையே பாக்காதீங்க. அவன் சிரிக்க வேண்டிய இடத்துல அழுவான், அழ வேண்டிய இடத்துல கொட்டாவி விடுவான். விடுங்க, அது அவனோட படம்.

முக்கியமா, ஃப்ரெண்டுங்களுக்கு மட்டும் சொல்லிட்டு நிறுத்திடாதீங்க. வீட்டுல இருக்குறவங்களுக்கும் ஒரு படம் பாக்கி இருக்கும். எங்க அம்மாவுக்கான படத்தை இன்னும் தேடிட்டுதான் இருக்கேன். வளையலைப் பத்தி அவங்க இன்னும் ஒண்ணும் பேசலை.

உங்களுக்கு ஏதாச்சும் படம் தோணுதா? தோணினா சொல்லுங்க மக்கா. இப்போதைக்கு அப்பீட்டு... வர்ட்டா!