சிறுமலை அடிவாரத்திலே

மதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒரு யோசனை: வலப் பக்கத்து ஜன்னலோரம் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். சிறுமலை கூடவே ஓடி வரும். மலைவாழைப்பழத்தை நினைத்து நாக்கில் நீர் ஊறிக்கொண்டிருக்கும்போதே, திண்டுக்கல்லுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கையில், "காந்திகிராமம் இறங்கு!" என்று கண்டக்டர் குரல் கொடுப்பார்.

நானும் என் நாத்தனாரும் இறங்கினோம். பொய் சொல்வானேன்? நாங்கள் வந்தது பக்கத்துச் சின்னாளபட்டியில் சுங்கடிப் புடவை வாங்கத்தான். ஆனால் இவ்வளவு தூரம் வந்துவிட்டுக் காந்திகிராமத்தைப் பார்க்காமல் போகலாமா?

இந்த இடத்தை உருவாக்கிய டாக்டர் சௌந்தரம் அம்மையாரின் கதை நம் பெண்களுக்கெல்லாம் தெரிந்திருக்க வேண்டியது. செல்வச் சீமான் டி. வி. சுந்தரம் அய்யங்காரின் மகள். இளம் வயதிலேயே கணவரைப் பறிகொடுத்தார். டாக்டரான அந்தக் கணவர், பிளேக் நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்யப் போய்த் தாமே அந்த நோய்க்குப் பலியானவர். அதோடு மூலையில் உட்கார்ந்துவிடாமல், சௌந்தரம் டில்லிக்குப் போய் டாக்டருக்குப் படித்தார். காந்தியடிகளின் ஆசியுடன் 1940-ல் ஜி. ராமச்சந்திரனை மணந்தார். 1947-ல் இருவரும் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். இரண்டே படுக்கைகளுடன் ஆரம்பமான வைத்தியசாலை கஸ்தூரிபா ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. 1956-ல் பிறந்த கிராமியக் கல்வி நிலையம், 1976-ல் பல்கலைக்கழக அந்தஸ்தைப் பெற்றது. அங்கே படிக்கும் மாணவர்கள் சில நாட்கள் கிராமங்களிலேயே போய்த் தங்கி, ஊர்க்காரர்களோடு சேர்ந்து வேலை செய்வது படிப்பின் ஓர் அங்கம்.

"நல்ல ஏற்பாடுதான். ஆனால் நாலு நாள் தங்கினால் ஊர் மாறிவிடுமா, மன்னி?" என்றாள் நாத்தனார். எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில் கிடைத்தது சின்னாளபட்டிப் புடவைக் கடையில்! புடவைகளை மடித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள், பக்கத்துக் கிராமத்துக்காரர். 2019 தேர்தலில் வார்டு உறுப்பினராக வந்தவராம். பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று தமிழ்நாட்டுச் சட்டம் ஒதுக்கிய பிறகு நடந்த தேர்தல் அது.

"வந்தேன்னு பேருதாம்மா! கூட்டத்துல உக்காந்து பேசினதெல்லாம் எங்க வீட்டுக்காரருதான். நான் கையெழுத்து மட்டும் போடுவேன்" என்று சிரித்தார்.

"பிறகு?"

"காலேஜ்ப் பிள்ளைங்க எங்க ஊருல வந்து தங்குச்சுங்க. அதுல ஒரு பொண்ணு என் திண்ணையில உக்காந்து, 'அக்கா, உங்க தெருவுக்கு என்ன வேணும்?'னு கேட்டுச்சு. அதுவரைக்கும் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லைம்மா. தண்ணிக் குழாய் வேணும்னேன். 'அப்ப கிராம சபையில எந்திரிச்சுச் சொல்லுங்க'ன்னுச்சு."

2022 ஆகஸ்ட் 15-ம் தேதி கிராம சபையில் எழுந்து நின்றாராம். கால் இரண்டும் வெடவெடவென்று நடுங்கியதாம். முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேசி முடித்தாராம்.

"குழாய் வந்ததா?" என்றேன் ஆவலாக.

"எங்க வந்துச்சு? வீட்டுல ஒரு வாரம் பேச்சுவார்த்தை கிடையாது, அதான் மிச்சம்! ஆனா அக்டோபர் 2-ம் தேதிக் கூட்டத்துக்கு எங்க தெருப் பொம்பளைங்க ஆறு பேரு குடத்தோட என் பின்னால வந்து நின்னாங்க. அதுக்கப்புறந்தான் குழாய் வந்துச்சு."

அவருடைய பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்துவிட்டது. "இப்பவும் கிராம சபைக்குப் போவீர்களா?" என்றேன்.

"பதவி போனா ஊரு போயிருமா? ஓட்டு இருக்கிற யாரும் பேசலாமே! இப்ப எங்க வீட்டுக்காரரே, 'கூட்டத்துக்கு நேரமாச்சு'ன்னு ஞாபகப்படுத்துறாரு."

திரும்பும்போது நாத்தனார் வெகு நேரம் பேசவில்லை. கடைசியில், "மன்னி, நம் குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கு நாம் என்றைக்காவது போயிருக்கிறோமா? அண்ணாவைத்தானே அனுப்புகிறோம்! மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று சமையலறையில் முணுமுணுப்பதோடு சரி" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம். இருவரும் போவதாக முடிவு செய்திருக்கிறோம். புதுச் சுங்கடிப் புடவை கட்டிக்கொண்டுதான்! நடுக்கம் வந்தால் பிடித்துக்கொள்ள முந்தானை வேண்டாமா?