ரெண்டாவது தடவை ஏன் ஊசி?

"ஒரு தடவை கத்தி வச்சது போதும். மறுபடி குத்திக் கிளறினா உடம்பெல்லாம் பரவிடும்" என்று மாமா ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். பழவேற்காடு ஏரியில் முப்பது வருஷமாக வலை போடுகிறவர். அவர் ஒன்று சொன்னால் காட்டூரில் எங்கள் குடும்பத்தில் மறுபேச்சு கிடையாது.

அக்காவுக்கு 2017-ல் இடது மார்பில் கட்டி வந்தது. சென்னையில் ஆபரேஷன், ஊசி மருந்து, கரண்ட் வைப்பது எல்லாம் முடிந்து ஐந்து வருஷம் தினம் ஒரு மாத்திரை. ஒரு நாள்கூட அவள் தவறவிட்டதில்லை. அதுவும் முடிந்து, பழையபடி கருவாட்டுக் கூடையோடு பொன்னேரிக்குப் போய்வர ஆரம்பித்துவிட்டாள். 2024 ஆடியில் முதுகுவலி வந்தது. பக்கத்தில் ஒரு டாக்டர், "கூடை தூக்குற உடம்பு, வலிக்கத்தான் செய்யும்" என்று மூன்று மாதம் வலி ஊசி போட்டார். பழைய வியாதியை அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. சகோதரிகளே, இந்த நோய் வந்து குணமானவர்கள் புதிதாக எந்த வலி வந்தாலும் முதலில் பழைய சீட்டை எடுத்துக் காட்டுங்கள்.

சென்னையில் ஸ்கேன் எடுத்ததில் முதுகெலும்பிலும் ஈரலிலும் புள்ளிகள். ஈரலில் ஊசி விட்டுத் துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். அதற்குத்தான் மாமாவின் மறுப்பு. உள்ளுக்குள் எனக்கும் சந்தேகம்தான். "அதே வியாதிதானே டாக்டரம்மா? ஏழு வருஷத்து ரிப்போர்ட் கையிலேயே இருக்கே?" என்று கேட்டேன்.

அந்த டாக்டரம்மாவுக்கு என் மகளைவிடக் கொஞ்சம்தான் வயசு கூட இருக்கும். "வியாதி அதேதாம்மா. ஆனா செல் அதே செல் இல்லை" என்றார். செல் இரண்டாகப் பிரியும்போது தன் ஜீன்களை நகல் எடுக்கிறதாம். நல்ல செல் தப்பு வந்தால் பெரும்பாலும் திருத்திக்கொள்ளும். புற்றுநோய் செல்லில் அந்தக் கட்டுப்பாடு கெட்டுப்போவதால் தப்புக்கு மேல் தப்பு சேர்ந்துகொண்டே போகும். பிறகு மாமா பக்கம் திரும்பி, "ஐயா, வருஷக்கணக்கா ஒரே கண் வலையைப் போட்டுக்கிட்டே இருந்தா ஏரியில எது மிஞ்சும்?" என்று கேட்டார்.

"அந்தக் கண்ணுல நுழைஞ்சு தப்பிக்கிறதுதான் மிஞ்சும்."

"மாத்திரையும் ஒரு வலைதான் ஐயா. தப்பிச்சது எதுன்னு பார்த்தாத்தானே அடுத்த வலை எதுன்னு தெரியும்? ஏற்கெனவே ரத்தத்தில் ஏறி ஈரலுக்கு வந்துட்டது. அது ஊசியால வந்ததா?"

மாமா பதில் பேசவில்லை. கையெழுத்துப் போட்டார்.

காலேஜில் படிக்கும் என் மகள் இதைப் பற்றி நிறையப் படித்துச் சொன்னாள். 1889-லேயே ஸ்டீபன் பேஜெட் என்ற ஆங்கில டாக்டர், மார்பகப் புற்றுநோயில் இறந்த 735 பெண்களின் விவரங்களைப் பார்த்து, நோய் கண்ட இடத்தில் போய் உட்காருவதில்லை, விதைக்கு ஏற்ற மண் வேண்டும் என்று எழுதினாராம். ஒரே செல்லில் தொடங்கும் கட்டி படிப்படியாக மாறி, தாக்குப்பிடிக்கும் வம்சம் பெருகுகிறது என்று 1976-ல் அமெரிக்காவின் பீட்டர் நோவல் விளக்கினார். 2012-ல் லண்டனில் சிறுநீரகக் கட்டிகளைத் துண்டு துண்டாகச் சோதித்தபோது, ஒரே கட்டியின் ஒரு மூலைக்கும் மறு மூலைக்குமே ஜீன் மாற்றங்களில் வித்தியாசம் இருந்ததாம்.

ஜீன் என்ற சொல்லைக் கேட்டதும் அக்காவின் மாமியார், "அப்ப பேத்திக்கும் வருமா?" என்று அழ ஆரம்பித்துவிட்டார். கட்டிக்குள் வழியில் ஏற்படும் இந்த மாற்றங்கள் பிள்ளைகளுக்குப் போவதில்லை. பரம்பரையாக வரும் மார்பகப் புற்றுநோய் வேறு. அது கொஞ்சம் பேருக்குத்தான். அந்தக் கிழவிக்கு இதைப் புரியவைக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது. 2017 கட்டியில் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ரிசப்டர் நிறைய இருந்ததால்தான் அந்த மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஈரல் துண்டில் அது அறவே இல்லை. ஊசி போடாமல் இருந்திருந்தால் பழைய மாத்திரையையே நம்பி விழுங்கிக்கொண்டிருப்பாள் அக்கா.

வேறு ஊசி மருந்து ஆரம்பித்தார்கள். ஸ்கேனுக்குப் போகும் ரயிலில் அக்கா ஜன்னல் பக்கமாகவே பார்த்துக்கொண்டு வந்தாள். அடையாறில் 1954-ல் புற்றுநோய் ஆஸ்பத்திரி தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் கூடப்பிறந்த தங்கையை இந்த நோய்க்குப் பறிகொடுத்தவர்தான். அன்றைக்கு ஏனோ அவர் நினைவாகவே இருந்தது எனக்கு.

ஈரல் புள்ளிகள் சுருங்கியிருந்தன. முதுகெலும்பில் இருப்பது அப்படியே இருக்கிறது. "எலும்பு மெதுவாத்தாம்மா காட்டும், பொறுத்துப் பார்ப்போம். கட்டுக்குள்ள வைக்கப் பார்ப்போம்" என்றார் டாக்டரம்மா. முழுசாகப் போய்விடும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அக்காவும் கேட்டதில்லை.

முடி கொட்டிய தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, திண்ணையில் உட்கார்ந்து இறால் உரிக்கிறாள். ஒவ்வொரு தடவை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதும் மாமா வாசல்வரை வந்து என்னிடம் தனியாகக் கேட்பார்: "இந்தத் தடவையும் அதே வலைதானா, மாத்துறாங்களான்னு கேட்டுட்டு வாம்மா."