சித்திரை மழைக்குப் பூத்தவை

மாசியில் கும்பப்பூ நெல் அறுவடை முடிந்து, வைக்கோலும் படப்பில் ஏறிவிட்டால், நாஞ்சில் நாட்டு மண்ணில் கொஞ்ச காலத்துக்கு நிறமே இருக்காது. வயல் வெடித்துக் கிடக்கும். பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கால்வாயில் வர ஜூன் ஆகிவிடும். அதற்கு முன்னால், சித்திரையில் இடியோடு ஒரு மழை பெய்யும். பாட்டா கன்னிப்பூ சாகுபடிக்கு உழ அதை எதிர்பார்த்திருப்பார். ஆச்சி எதிர்பார்த்திருந்தது கிணற்றடிப் பூவுக்காக.

கிணற்றடி ஓரமாகக் கல் அடுக்கி ஒரு சின்னப் பாத்தி வைத்திருந்தாள். வெயில் ஏற ஏற, புல் போன்ற அதன் இலைகள் கருகி, பாத்தி வெறும் மண்ணாகிவிடும். அடியில் சின்ன உள்ளி அளவில் கிழங்குகள் கிடக்கும். நாங்கள் ஓடி விளையாடினால், "மிதிச்சிராத மக்கா, உள்ள ஆளு இருக்கு" என்பாள்.

மழை விட்டுச் சில நாளில், இலைகூட இல்லாத மண்ணிலிருந்து செந்நிறத் தண்டு கிளம்பும். ஒரு சாண் உயரம். நுனியில் ஒற்றை மொட்டு. காலை வெயில் பட்டதும் ஆறு இதழும் இளஞ்சிவப்பாக விரியும். நடுவே மஞ்சள் மகரந்தம். அந்தியில் கூம்பிவிடும். ஒன்றிரண்டு நாள்தான் ஆயுள். தோவாளையில் அரளியும் நொச்சியிலையும் கொண்டு கட்டும் மாணிக்கமாலைக்கு 2025இல் புவிசார் குறியீடே கிடைத்தது. ஆனால் இந்தப் பூவை எந்தச் சந்தையும் வாங்காது, பறித்தால் வாடிவிடும். வீட்டு ஆட்கள் பார்ப்பதற்கென்றே பூத்தது.

மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூர்விகம் இதற்கு. மழை லில்லி என்கிறார்கள். துருக்கி, காகசஸ் மலைகளின் குட்டி ஐரிஸ் பூவும் இப்படித்தான் கிழங்காக உறங்கி, குளிர்நாட்டுத் தோட்டங்களில் பனி முழுக்கக் கரையும் முன்னே நீலமாக எட்டிப்பார்க்கும். அதற்குக் குளிர் வேண்டும். இதற்கு வறட்சியும், அதன்மேல் ஒரு மழையும் வேண்டும். பருவம் மாறுவதை இரண்டுமே முதலில் வந்து சொல்லிவிடுகின்றன.

ஆச்சி போனாள். வீடு பாகம் பிரிந்தது. கிணற்றைச் சிலாப் போட்டு மூடி, முற்றம் முழுக்க இன்டர்லாக் கல் பதித்தாயிற்று. சித்திரை மழை இப்போதும் பெய்கிறது. தண்ணீர் நேரே தெருவுக்கு ஓடுகிறது. வேண்டுமானால் மாடியில் தொட்டி வைக்கலாம். ஆனால் தினமும் நனையும் தொட்டிமண்ணுக்குக் காய்ந்து காத்துக் கிடக்கும் பழக்கம் வராது. மழைக்கு வீட்டில் ஒரு சாண் மண்கூட விட்டுவைக்காதது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன்.

படியோரம் கொஞ்சம் மண்ணை மூடாமல் விடுங்கள். நர்சரியில் மழை லில்லிக் கிழங்கு வாங்கி, வெயில் படும் இடத்தில் இரண்டு அங்குல ஆழத்தில், பங்குனிக்குள் நட்டுவிடுங்கள். கிழங்கில் நஞ்சு உண்டு. பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.