கடக்காத்துல வளைஞ்ச ஜாக்கி

இந்தத் தடவை வெள்ளாமை பத்தி எழுதலை. சீட்டுக்கட்டு பத்தி எழுதப்போறேன். வளைஞ்சு போன சீட்டை எப்படி நிமித்துறது, வளையாம எப்படி வச்சுக்கிறதுன்னு.

இதுக்கெல்லாம் ஒரு பதிவான்னு பட்டணத்துல இருக்கிற நீங்க நினைக்கலாம். எங்க ஊரு தேவிபட்டினத்துக்கும் திருப்பாலைக்குடிக்கும் நடுவுல, கடலுக்கு மூணு கிலோமீட்டர் உள்ள தள்ளி இருக்கு. சைக்கிள் செயின்ல இருந்து கதவுக் கொண்டி வரைக்கும் கடக்காத்து தின்னுடும். சீட்டு எம்மாத்திரம்? அப்படி வளைஞ்ச ஒரே ஒரு சீட்டால ஒரு மனுசனோட ஒரு வருசம் பேசாம இருந்தேன். அதனாலதான் எழுதுறேன்.

எங்க ஊர்ல காசு வச்சு ஆடுறதில்ல. தோத்தவங்க டீ வாங்கிக் கொடுக்கணும், அவ்வளவுதான். ஆடுறது முந்நூத்தி நாலு. தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்றேன். நாலு பேரு, எதிர் எதிரா உக்காந்தவங்க ஒரு கட்சி. 52 சீட்டுல ரெண்டுல இருந்து ஆறு வரைக்கும் இருக்கிற 20 சீட்டை எடுத்து ஓரமா வச்சுடுவோம். மிச்சம் 32. இந்த ஆட்டத்துல ராஜா ராணிக்கு மரியாதை கம்மி. ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஜாக்கிதான் பெரியவன், 30 புள்ளி. ஒம்போதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10. எட்டும் ஏழும் சும்மா. ஒரு இனத்துக்கு 76, நாலு இனத்துக்கும் கூட்டினா 304. அதான் பேரு. கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்துலயும் இதே ஆட்டம்தான்.

நாம சொல்ற துருப்பு, கிளாவர் எல்லாம் டச்சுக்காரன் விட்டுட்டுப் போன வார்த்தை. 1658-ல தூத்துக்குடியையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசியன்கிட்ட இருந்து பிடிச்சவன் அவன். கோட்டை கொத்தளமெல்லாம் போச்சு, சீட்டுப் பேரு மட்டும் எங்க சாவடியில உக்காந்திருக்கு.

இந்த ஆட்டத்துல ஜாக்கி யாரு கையில இருக்குன்னு தெரிஞ்சா போதும், பாதி ஆட்டம் முடிஞ்சது. அதை மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

மூணு வருசத்துக்கு முந்தி, தை மாசம். நெல்லு அறுத்து முடிச்சாச்சு, மொளகா இன்னும் பழுக்க ஆரம்பிக்கலை. எங்களுக்கு ஓய்வுன்னு இருக்கிறது அந்தப் பதினஞ்சு இருபது நாள்தான். சாயங்காலம் ஆனா சாவடியில ஜமுக்காளத்தை விரிச்சுடுவோம். எனக்கு எதிர்க் கட்சியில எங்க மச்சான். என் வீட்டுக்காரிக்குப் பெரியப்பா மகன். வயசுல என்னைவிட நாலு கூட. எங்க ரெண்டு பேரு புஞ்செய்க்கும் ஒரே வரப்பு.

அன்னைக்கு மச்சான் கட்சிக்கு எல்லாமே ஏறுச்சு. யாரு எவ்வளவு கேட்டாலும் மேல கேட்டாரு, ஜெயிச்சாரு. மூணாவது ஆட்டத்துல பாக்குறேன், அவரு கண்ணு என் கையிலயே இருக்கு. அவரு பாத்த இடத்தை நானும் பாத்தேன். நான் விரிச்சுப் பிடிச்சிருந்த சீட்டுகள்ல ஒண்ணு மட்டும் முதுகு தூக்கிக்கிட்டு நிக்குது. கிளாவர் ஜாக்கி. அது யாரு கைக்குப் போனாலும் எதிர்ல இருக்கிறவனுக்கு வெட்டவெளிச்சம்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிடுச்சு. "நகத்தால மடிச்சு அடையாளம் வச்சிருக்கீகளா மச்சான்? ஒரு டீக்கா?"ன்னு கேட்டுட்டேன். சுத்தி எட்டு பத்து பேரு. அவரு ஒண்ணும் சொல்லலை. கையில இருந்த சீட்டைக் கவுத்து வச்சாரு, துண்டை உதறித் தோள்ல போட்டாரு, எந்திரிச்சுப் போயிட்டாரு. மறுநாள் வரலை. அதுக்கு மறுநாளும் வரலை. அப்புறம் வரப்புல எதிர்ல பாத்தா ரெண்டு பேருமே வேற பக்கம் பாக்க ஆரம்பிச்சோம்.

நடுவுல கஷ்டப்பட்டது என் வீட்டுக்காரி. அண்ணன் வீட்டு விசேசத்துக்கு அவ மட்டும் போயிட்டு வந்தா. போன எடத்துல "மாப்பிள்ளை வரலையா"ன்னு கேட்டவங்களுக்கு எல்லாம் என்ன சொன்னான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

பங்குனியில ஒரு நாள் நான் வத்தலை எடுத்துக்கிட்டு சந்தைக்குப் போயிருந்தேன். களத்துல இன்னொரு பாட்டம் காஞ்சுக்கிட்டு இருந்துச்சு. எங்க பக்கத்து முண்டு வத்தல், 2023-ல புவிசார் குறியீடு வாங்குன அதே சரக்கு. மத்தியானம் யாரும் எதிர்பாக்காம மழை. நனைஞ்ச வத்தல் நிறம் மங்கிடும், அப்புறம் சண்டு விலைதான். அடிச்சுப் பிடிச்சு வந்து பாத்தா, என் களத்துல வத்தல் குவிச்சு, தார்ப்பாய் போட்டு, நாலு மூலைக்கும் கல்லு வச்சிருக்கு. "அண்ணன்தான் வந்து மூடிட்டுப் போனாக. தண்ணிகூட வாங்கிக் குடிக்கலை"ன்னா என் வீட்டுக்காரி.

அன்னைக்கே போயிருக்கணும். போகலை. சீட்டை மடிச்சவரு அவருதாங்கிறது அப்பவும் என் மனசுல கெடந்துச்சு.

ஐப்பசியில அடைமழை பிடிச்சுச்சு. ஒரு நாள் அலமாரியில ஏதோ தேடும்போது அந்தக் கட்டு கையில பட்டுச்சு. தையில வச்சது, அதுக்கப்புறம் யாரும் தொடலை. பிரிச்சுப் பாத்தா அம்பத்திரண்டும் ஓட்டுச் சில்லு மாதிரி வளைஞ்சு கெடக்கு. மடிக்கிறதுக்கு அங்க ஆள் யாரும் இல்லை.

அப்பத்தான் எனக்கு ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. அந்தச் சண்டைக்கு ரெண்டு நாளைக்கு முந்தி, ஆட்டத்து நடுவுல கரண்டு போயிடுச்சு. இருட்டுல சீட்டை அள்ளுனது நான்தான். எண்ணலை. மறுநாள் காலையில சாவடிப் படியில ஒரு சீட்டு பனியில நனைஞ்சு மல்லாக்கக் கெடந்துச்சுன்னு ஒரு பையன் கொண்டாந்து கொடுத்தான். துண்டால துடைச்சுக் கட்டுக்குள்ள செருகுனதும் நான்தான். என்ன சீட்டுன்னுகூட அப்ப கவனிக்கலை.

சந்தேகம் தீரட்டும்னு ஒரு காரியம் செஞ்சேன். கட்டுல வேண்டாத மூணு ஒண்ணை எடுத்து, ஈர மணல்ல முதுகு படுற மாதிரி வச்சேன். கொஞ்ச நேரத்துலயே மணல்ல பட்ட பக்கம் உப்பி, ரெண்டு ஓரமும் மேல எந்திரிச்சு, வள்ளம் மாதிரி ஆயிடுச்சு. எடுத்துக் காயவச்சேன். காஞ்ச பிறகும் பழைய நிலைக்கு வரலை.

வத்தல் காயப்போடுறவனுக்கு இது புரியாத விசயம் இல்ல. மேகாத்து அடிக்கும்போது வத்தலைக் குலுக்குனா விதை கலகலன்னு சத்தம் போடும். கடக்காத்து திரும்புன ராத்திரி அதே வத்தல் நமத்துப் போயி சத்தமே வராது. காகிதமும் அப்படித்தான். அது நாருதானே? ஈரத்தைக் குடிச்சா உப்பும், விட்டா சுருங்கும். சீட்டுங்கிறது காகிதத் தாளை ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டி, மேல பளபளப்பு பூசி வெட்டுறது. பூச்சு இருக்கிறதால முகத்துல ஈரம் மெதுவாத்தான் ஏறும், ஆனா வெட்டுன ஓரம் திறந்துதான் கெடக்கு. ரெண்டு பக்கமும் ஒரே அளவு ஈரம் ஏறுனா பெரிசா வளையாது. ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் கம்மின்னா வளைஞ்சுதான் தீரும். இதுல உப்பு வேற. காத்துல ஈரம் 75 சதவீதத்துக்கு மேல போனா உப்பு தானாவே தண்ணியை இழுக்கும். கைவேர்வை உப்பும் கடக்காத்து உப்பும் படிஞ்ச சீட்டு காயவே காயாது.

சரி, நிமித்துன கதைக்கு வர்றேன்.

முதல்ல பண்ணுன தப்பைச் சொல்லிடுறேன். வெயில்ல பரப்பி வச்சேன். மேல்பக்கம் மட்டும் காஞ்சு எதிர்ப்பக்கமா வளைஞ்சுச்சு. அப்புறம் இஸ்திரிப் பெட்டியை வச்சேன். ரெண்டு சீட்டுல பூச்சு இளகி ஒட்டிக்கிச்சு. நல்ல வேளை, ரெண்டும் ஆட்டத்துல சேராத சீட்டு.

வழி காட்டுனது எங்க வீட்டு ஜாதகக் கட்டு. அப்பத்தா காலத்து பனை ஓலை. அந்தக் காலத்துல ஓலையை வேகவச்சு, நிழல்ல காயவச்சு, ரெண்டு மரச் சட்டத்துக்கு நடுவுல வச்சு கயித்தால இறுக்கிக் கட்டியிருக்காங்க. எத்தனை மழைக்காலம் பாத்திருக்கும்? இன்னும் தட்டையா கெடக்கு. முதல்ல ஈரத்தை எடு, அப்புறம் ரெண்டு பலகைக்கு நடுவுல அமுக்கு. அவ்வளவுதான் சூட்சுமம்.

நான் செஞ்சது இது. செருப்பு டப்பா, மருந்து பாட்டிலுக்குள்ள சின்னதா ஒரு பொட்டலம் கெடக்குமே, சிலிக்கா ஜெல், அதை ஏழெட்டு சேத்தேன். இறுக்கமா மூடுற எவர்சில்வர் டப்பாவுல சீட்டைத் தளர்த்தி வச்சு, பொட்டலத்தையும் போட்டு மூணு நாள் மூடி வச்சேன். அப்புறம் ஒவ்வொண்ணையும் காஞ்ச துணியால துடைச்சேன். ஒண்ணு மல்லாக்க, அடுத்தது குப்புற, இப்படி மாத்தி மாத்தி அடுக்கணும். அப்பத்தான் ஒண்ணோட வளைவை இன்னொண்ணு அமுக்கும். சீட்டைவிடக் கொஞ்சம் பெரிசா ரெண்டு பலகைத் துண்டு, நடுவுல கட்டு, மேல அம்மிக்குழவி உருளாம ஒரு கல்லு. ஒரு வாரம் தொடக்கூடாது. அவசரம்னா கட்டை மொத்தமா எடுத்து எதிர்ப்பக்கம் லேசா வளைச்சு விடலாம், ஆனா அது அன்னைக்கு ஒரு நாள் ஆட்டத்துக்குத்தான் தாங்கும்.

வளையாம வச்சுக்கிறது இன்னும் சுலபம். வெறும் சிமெண்டுத் தரையிலயும் மணல்லயும் போடாதீங்க, கெட்டியா துணி விரிங்க. கையைத் துடைச்சுட்டு எடுங்க. ரப்பர் பேண்ட் போடாதீங்க, அது ஓரத்தைக் கடிச்சு அதுவே ஒரு வளைவைக் கொடுக்கும். ஆட்டம் முடிஞ்சதும் எண்ணி, ஒரே கட்டா அட்டைப் பெட்டியில இறுக்கமா வச்சு, அதை டப்பாவுக்குள்ள போட்டு மூடுங்க. பிளாஸ்டிக் சீட்டு வாங்குனா ஈரப் பிரச்சினை இல்ல, ஆனா வெயில்ல நிக்கிற வண்டிக்குள்ள வச்சுட்டுப் போயிடாதீங்க. அது சூட்டுல வளையும்.

ஒரு வாரம் கழிச்சுப் பலகையைப் பிரிச்சேன். மூணு மட்டும் அப்படியேதான் இருந்துச்சு, அது மணல்ல வச்சது. மத்ததுல ஒண்ணைத் தவிர எல்லாம் நிமிந்துடுச்சு. நிமிராதது அந்தக் கிளாவர் ஜாக்கி. இன்னொரு வாரம் வச்சும் பாத்தேன். அது நனைஞ்சே வளைஞ்சது, நாரு இடம் மாறிடுச்சு. அப்புறம் ஒரு யோசனை வந்துச்சு. சும்மா கெடக்கிற கிளாவர் ரெண்டை எடுத்து, முகத்துல பேனாவால ‘ஜா’ன்னு எழுதுனேன். முதுகுல ஒரு வித்தியாசமும் இல்ல.

கட்டை எடுத்துக்கிட்டு மச்சான் வீட்டுக்குப் போனேன். திண்ணையில உக்காந்து கடப்பாரைக்குப் பிடி... இல்ல, மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கிட்டு இருந்தாரு. "வாங்க"ன்னாரு. மாப்ளைன்னு சொல்லலை. நான் நின்னுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னேன். கரண்டு போனது, படியில கெடந்தது, துண்டால துடைச்சு நானே செருகுனது. "நான் கேட்டது தப்பு மச்சான்"னேன்.

அவரு கட்டை வாங்கித் திண்ணையில வச்சு, குனிஞ்சு கண்ணு மட்டத்துல பாத்தாரு. நெல்லு வயலு மட்டம் பாக்குற மாதிரி. தட்டையாத்தான் இருந்துச்சு. ‘ஜா’ எழுதுன சீட்டைப் பாத்துட்டு லேசா சிரிச்சாரு. அப்புறம் சொன்னாரு:

"மடிச்சது நான் இல்ல மாப்ள. ஆனா முதுகு தூக்கியிருந்தது முத ஆட்டத்துலயே தெரியும். தெரிஞ்சுதான் கேட்டேன். சொல்லியிருக்கணும். சொல்லலை."

அதுக்கு நான் என்ன பதில் சொல்றதுன்னு தெரியாம நின்னேன். வளைஞ்ச சீட்டு கட்டுல கெடந்தா பாக்காம இருன்னு கண்ணுக்குச் சொல்ல முடியுமா? அவரு எடத்துல நான் இருந்திருந்தா சொல்லியிருப்பேனான்னு யோசிச்சேன். உறுதியா சொல்ல முடியலை.

அக்கா காப்பி கொண்டாந்தாக. குடிச்சுட்டு ரெண்டு பேரும் சாவடிக்குப் போனோம்.

இப்பவும் ஆட்டம் முடிஞ்சா கட்டை எண்ணி டப்பாவுல போடுறது என் வேலை. 32 எண்ணுவேன், ஓரமா வச்ச சீட்டையும் எண்ணுவேன். கரண்டு இருந்தாலும் டார்ச் லைட் அடிச்சு சாவடிப் படியை ஒரு தடவை பாத்துட்டுத்தான் வீட்டுக்கு வருவேன்.