தி.நகரில் எங்கே உட்காரலாம்

தி.நகரில் எந்தக் கடையில் எது மலிவு என்று சொல்ல ஆயிரம் பேர் உண்டு. எங்கே உட்காரலாம் என்று தெரிய வேண்டுமானால் என்னிடம் வாருங்கள். பாண்டி பஜாரில் 2019-ல் நடைபாதையை அகலப்படுத்தி இருக்கைகள் போட்டார்களே, அவற்றில் எவை பிற்பகல் மூன்று மணிக்கு நிழலில் இருக்கும். எந்த மருந்துக் கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கும். எந்த நகைக் கடையில் ஒன்றுமே வாங்காமல் ஏசியில் பத்து நிமிஷம் உட்கார்ந்தாலும் முகம் சுளிக்காமல் தண்ணீர் கொண்டுவந்து தருவார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. வெங்கடநாராயணா சாலை பெருமாளை நான் சனிக்கிழமை சேவிக்கப் போகமாட்டேன். பெருமாளுக்குத் தெரியும், நான் வருவதில் பாதி உட்காரத்தான் என்று. பனகல் பூங்கா ஒரு காலத்தில் என் தலைமை அலுவலகம். மெட்ரோ வேலை அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்ட பிறகு, அந்தப் பக்கம் போவதென்றால் இன்னொரு முறை யோசிக்கிறேன்.

எனக்கு வலி உண்டு. இடுப்பு, இரண்டு முழங்கால், மணிக்கட்டு. 2006-ல் சிக்குன்குனியா வந்தபோது எங்கள் தெருவே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தது. மெட்ராஸுக்கு அந்த வைரஸ் புதிதல்ல. 1964-லேயே ஒரு தடவை வந்து போயிருக்கிறது. அப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல் இந்தியாவில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. 2005 கடைசியில் திரும்பி வந்தது. குடம், டிரம், சின்டெக்ஸ் என்று கிடைத்ததில் எல்லாம் தண்ணீர் பிடித்து வைக்கிற ஊர் நம்முடையது. அந்த நல்ல தண்ணீரைத் தேடித்தான் ஏடிஸ் கொசு வந்து முட்டையிடும். காய்ச்சல் ஒரு வாரத்தில் இறங்கிவிட்டது. மூட்டு வலி இறங்கவில்லை. சிலருக்குச் சில மாதம், சிலருக்கு வருஷக் கணக்கு என்றார் மருத்துவர். எனக்கு வாய்த்தது இரண்டாவது. பின்னாலேயே வயதும் வந்து சேர்ந்ததில், இப்போது இதில் எது வைரஸ் வைத்துவிட்டுப் போனது, எது தேய்மானம் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தாலோ திரும்பத் திரும்ப வந்தாலோ அது நாள்பட்ட வலி என்பது மருத்துவக் கணக்கு. முதல் சில வருஷங்கள் நான் ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, எம்ஆர்ஐ என்று ஃபைல் சுமந்து திரிந்தேன். ரிப்போர்ட் எல்லாம் பெரிதாக ஒன்றுமில்லை என்று வந்தது. அதைச் சொல்லும்போது மருத்துவர் முகத்தில் ஒரு மகிழ்ச்சி தெரியும் பாருங்கள், அப்போது நான் என்ன பதில் சொல்ல? பிறகு வந்த ஒரு பிசியோதெரபிஸ்ட்தான் விஷயத்தை விளக்கினார். காயம் ஆறிவிட்டாலும், வலியைச் சொல்கிற நரம்புகளும் மூளையும் சில பேருக்கு உஷார் நிலையிலிருந்து இறங்குவதில்லை. சிக்னல் பச்சைக்கு மாறிய பிறகும் கையை இறக்காமல் நிற்கிற டிராஃபிக் போலீஸ்காரர் மாதிரி. வலி உண்மை, ஆபத்துத்தான் பழையது. 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் நாள்பட்ட வலிக்கென்றே தனி இடம் கொடுத்திருக்கிறார்கள். வேறு நோயின் அறிகுறியாக இல்லாமல் வலியே நோயாக இருக்கலாம் என்பதற்கும் அதில் வழி உண்டு. எனக்கு அதனால் ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை. ஆனாலும், "எல்லாம் மனசுதான்" என்று சொன்ன உறவினர்களிடம் காட்ட ஒரு தாள் கிடைத்தது.

அந்த பிசியோதெரபிஸ்ட் சொன்ன இன்னொன்றுதான் என் பிழைப்பையே மாற்றியது. வலி வந்த பிறகு உட்காராதீர்கள், வருவதற்கு முன்னால் உட்காருங்கள் என்றார். கேட்க எளிதாக இருக்கிறது. செய்து பார்த்தால்தான் தெரியும், நம் வீட்டுப் பெண்களுக்கு இதைவிடக் கஷ்டமான வைத்தியம் கிடையாது. முடியாமல் உட்காருகிறவளைப் பார்த்து இந்த வீடு பரிதாபப்படும். நன்றாக இருக்கும்போதே, தோசைக்கல்லில் பாதி தோசை வெந்துகொண்டிருக்க, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருகிறவளை என்னவென்று சொல்லும்? நல்ல நாளில் ஒட்டடை, அலமாரி, பரண் எல்லாம் முடித்துவிட்டு மறுநாள் படுக்கையோடு கிடப்பதுதான் நமக்குத் தெரிந்த முறை. நல்ல நாளில் குறைவாகச் செய்வதும், மோசமான நாளில் கொஞ்சமாவது எழுந்து நடமாடுவதும் புதிய முறை. என் மாமியார் கடைசி வரைக்கும் அதைப் பாதி சோம்பல், பாதி நடிப்பு என்றே நினைத்தார். ஆனால் அவரே ஒரு நாள் அடுப்படிக்கு உயரமான ஸ்டூல் ஒன்று வாங்கி வரச் சொன்னார். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

காலையில் எழுந்ததும் விரல் மடங்காது. டபரா டம்ளரைப் பிடிக்க முடியாமல் கைப்பிடி வைத்த கப்புக்கு மாறினேன். காபியின் ருசி போய்விட்டது என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கோலம் ஸ்டிக்கர் ஆயிற்று. ஊறுகாய் பாட்டிலைத் திறக்க இஸ்திரிக்காரர் வரும்வரை காத்திருப்பேன். கல்யாணத்தில் மேடை ஏறி வாழ்த்துவதை விட்டாயிற்று. கீழிருந்தே கையை உயர்த்துவேன், எடுத்த வீடியோவில் நான் ஏதோ ஆட்சேபம் தெரிவிப்பது போல் இருக்கும்.

வலி இருக்கிறவளைச் சுற்றி வைத்தியர்கள் தானாக முளைப்பார்கள். முடக்கத்தான் கீரையை மாவில் அரைத்து தோசை வார்க்கச் சொல்வார் ஒருவர். நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுக்கச் சொல்வார் இன்னொருவர். ஆட்டுக்கால் சூப் என்பார் மூன்றாமவர், சொல்வது சைவ வீட்டில் என்பதையும் மறந்து. சிங்கப்பூரிலிருந்து யார் வந்தாலும் எனக்குக் கோடாலித் தைலம் உண்டு. இதையெல்லாம் நான் கிண்டல் செய்யமாட்டேன். முடக்கத்தான் தோசை நன்றாகவே இருக்கும். தேய்த்தால் வலி அடங்குவதற்கும் விளக்கம் உண்டு. 1965-ல் மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கோட்பாடு சொன்னார்கள்: தொடுவதையும் தேய்ப்பதையும் கொண்டுபோகிற நரம்புகள், வலியைக் கொண்டுபோகிற நரம்புகளைத் தண்டுவடத்திலேயே மறித்துவிட முடியும். பின்னால் அதில் திருத்தங்கள் வந்தாலும் அடிப்படை நின்றுவிட்டது. நம் ஊர் அதற்கு ரொம்ப நாள் முன்பே தேய்க்க ஆரம்பித்துவிட்டது. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-ல் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சன் பிறகு மெட்ராஸுக்கு வந்து மயிலாப்பூரில் வேர்விட்டது. லஸ் அருகே காலை நடை போகிறவர்கள் மூட்டை மடக்கி நீட்டுகிற பூங்காவும் அவர் பெயரில்தான் இருக்கிறது. வலி நிவாரணி விற்றவர் பெயரில் நடைப் பயிற்சிப் பூங்கா. யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள்.

மாத்திரை விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருப்பேன். டைக்ளோஃபெனாக் எனக்கு நன்றாகக் கேட்கும், அதுதான் பயம். வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும் வகை அது. மாதக் கணக்கில் விழுங்குகிற சமாச்சாரம் இல்லை. மாட்டின் வலிக்கு இதே மருந்தைக் கொடுத்து, செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு நாடு முழுக்க மடிந்தன. 2006-ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். தமிழ்நாட்டில் இப்போது பாறுக் கழுகைப் பார்க்க நீலகிரிச் சரிவில் மாயாறு பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். எனக்கு வலி தொடங்கிய அதே வருஷம் வந்த தடை என்பதால் இது மனசில் நின்றுவிட்டது. ஆனால் எங்கள் தெரு முனை மருந்துக் கடையில் "ஒரு வலி மாத்திரை குடுங்க" என்று கேட்டால் அட்டையைக் கத்தரித்து நீட்டிவிடுவார்கள், சீட்டு கேட்கமாட்டார்கள். இரவு பத்து மணிக்கு மேல் அங்கே வரிசையில் நிற்பவர்களில் பலர் கழுத்தில் கடை அடையாள அட்டை தொங்கும்.

சரித்திரத்தில் வலிக்காரர்கள் இல்லாமல் இல்லை. அப்பருக்குச் சூலை நோய். தமக்கை திலகவதியார் தந்த திருநீற்றை அவர் பூசிக்கொண்டு, திருவதிகைக் கோயிலில் பதிகம் பாடி வலி தீர்ந்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. கேட்டு வளர்ந்த கதை. ஆனால் வலிக்காரியாக அதைக் கேட்கும்போது ஒரு சின்னப் பொறாமை வரும். தீர்ந்த வலிக்குத்தான் பாட்டு. தீராமல் கூடவே இருக்கிறதே, எண்பது வயது வரைக்கும் காய்கறி நறுக்கிக்கொண்டே இருக்கிறதே, அதற்கு யாரும் பாடவில்லை. அப்படிப்பட்ட வலியோடு இருப்பவர்களிடம் போய், "உங்களுக்குச் சரியாகிவிடும்" என்று அடித்துச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எழுந்து போய்விடத் தோன்றும், எழுந்திருக்க முடிந்தால்.

இதில் இன்னொரு சிக்கல், வலி கண்ணுக்குத் தெரியாது. கட்டு இல்லை, கைத்தடி இல்லை. 2016-ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் சட்டம் 21 வகைகளைப் பட்டியல் இடுகிறது. நாள்பட்ட வலி என்று அதில் ஒன்று இல்லை. பஸ்ஸில் என்னைவிட மூத்தவர் ஏறினால் நான்தான் எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்காவிட்டால் என்னைப் பார்க்கிற பார்வையே வேறு. மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து பஸ் நிலையம் வரை 2023-ல் ஆகாய நடைபாதை திறந்ததில் லிஃப்டும் நகரும் படிக்கட்டும் வந்தன. அதைத் திறந்த நாளில் எனக்காகவே கட்டினார்கள் என்று வீட்டில் அறிவித்தேன். லிஃப்டில் ஏறும்போது மட்டும், சின்ன வயசுப் பிள்ளைகள் நடுவில், காலைக் கொஞ்சம் கூடுதலாகவே தாங்கி நடப்பேன். சாட்சிக்கு.

இத்தனை சொன்னாலும் எனக்கு ஒரு வசதி இருக்கிறது. எப்போது உட்காருவது என்பதை நான் முடிவு செய்கிறேன். இது வசதி என்றே எனக்கு ரொம்ப நாள் உறைக்கவில்லை. உறைத்தது ஒரு ஜவுளிக் கடையில். மூன்றாவது மாடி, பட்டுப் பிரிவு. எனக்கு மெத்தை தைத்த நாற்காலி. எதிரே கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு சேலையை விரித்துக்கொண்டே போன பெண், ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எடையை மாற்றினாள். மாற்றினதோடு இல்லை, மாற்றுவதற்கு முன் கவுண்டர் விளிம்பைப் பிடித்தாள். அந்தப் பிடி எனக்குத் தெரியும். நான் அடுப்பு மேடையில் பிடிக்கிற பிடி.

என் சின்ன வயதில் ஜவுளிக் கடை என்றால் வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை. வாங்குகிறவரும் தரையில், விற்கிறவரும் தரையில். அது பொற்காலம் என்று சொல்ல வரவில்லை, இப்போது என்னைத் தரையில் உட்காரச் சொன்னால் தூக்கிவிட ஆள் வேண்டும். ஆனால் மெத்தை போய், கவுண்டர் வந்து, மாடி மேல் மாடி ஏறியபோது, உட்கார்ந்தது ஒரு தரப்பு மட்டும். ரங்கநாதன் தெருவின் அந்த வாழ்க்கையை வசந்தபாலன் 2010-ல் 'அங்காடித் தெரு'வாக எடுத்தபோது ஊரே உச்சுக் கொட்டியது. உச்சுக் கொட்டிவிட்டு அதே தெருவுக்குத் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனோம். நானும்தான்.

இதற்குச் சட்டம் உண்டு. கோழிக்கோட்டில் விஜி என்ற தையல் தொழிலாளி தொடங்கிய 'பெண்கூட்டு' அமைப்பு, ஜவுளிக் கடைப் பெண்களைத் திரட்டி உட்காரும் உரிமை கேட்டுப் போராடியது. 2018-ல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில், 1947-ஆம் வருஷத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தது: வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைத்தால் ஊழியர்கள் உட்காரும்படி இருக்கை வைக்க வேண்டும். இங்கிலாந்தில் 1899-லேயே, மூன்று பெண் ஊழியருக்கு ஓர் இருக்கையாவது வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். நமக்கு நூற்றிச் சொச்சம் வருஷம் பிடித்தது. போகட்டும், வந்ததே. அந்தப் பெண்ணுக்குப் பின்னாலும் ஒரு ஸ்டூல் இருந்தது. அதன் மேல் கட்டைப் பைகள் அடுக்கியிருந்தன.

"ஏம்மா, நான் பார்த்துட்டுத்தானே இருக்கேன், நீ கொஞ்சம் உக்காரேன்" என்றேன்.

"பரவால்லம்மா" என்று மேலே பார்த்தாள். மேலே கேமரா.

சட்டத்தில் இருக்கைக்கு இடம் இருக்கிறது. கேமராவைப் பார்த்துக்கொண்டிருப்பவர் என்ன நினைப்பார் என்பதற்கு இல்லை. வேலைக்கு நடுவே வாய்ப்பு என்றால் என்ன? வாடிக்கையாளர் இல்லாதபோதா? தி.நகரில் வாடிக்கையாளர் இல்லாத நேரம் எது? தொழிலாளர் துறைக்காரர் சோதனைக்கு வந்தால் ஸ்டூலை எண்ணிவிட்டுப் போகலாம். அதில் யாராவது உட்கார்ந்த சூடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொல்லி நான் மனு எழுதிப் போட்டால் சிரிப்பார்கள். ஆனால் பார்க்க வேண்டியது அதைத்தான்.

அவள் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். குதிகால் குத்துகிறது, ராத்திரி கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது என்றாள். நான் மணிக்கட்டில் போட்டிருந்த பட்டையைப் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொன்னாள் என்று நினைக்கிறேன். வலி இருக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் அப்படித்தான் கண்டுபிடிப்போம். "உங்களுக்கு எந்த மாத்திரை கேக்குதும்மா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். மாத்திரை பெயரை நான் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, நின்ற இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொன்னேன். கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்தால் காலில் தேங்குகிற ரத்தம் மேலே ஏறும், எனக்குச் சொல்லிக் கொடுத்தது அது.

"நின்னுட்டேவா?"

"நின்னுட்டேதான்."

"அப்ப கேமராவுல தெரியாது" என்று கவுண்டருக்குப் பின்னால் அப்போதே செய்து பார்த்தாள். ஒரு மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர், மேலும் கீழும் ஆடியது. பிறகு அவள் பங்குக்கு ஒன்று சொன்னாள்: விடுதியில் எல்லாரும் படுக்கும்போது காலைச் செவுத்தில் தூக்கி வைத்துக்கொண்டுதான் படுப்பார்களாம். "முதுகுக்கும் கேக்கும்மா, செஞ்சு பாருங்க."

செய்து பார்த்தேன். முழங்காலுக்குக் கேட்கிறது. இடுப்புக்குக் கேட்கவில்லை, ஃபால்ஸ் தைத்த சேலையை வாங்கப் போகும்போது அவளிடம் சொல்ல வேண்டும்.