அதுவாக வரட்டும், காத்திருங்கள்

ஆயக்குடியில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் கொய்யாத் தோட்டம். விடியும் முன்பே பறிப்புக்கு ஆள்கள் வந்தால்தான் பழம் காலைச் சந்தைக்குப் போய்ச் சேரும். அதனால்தான், பக்கத்துத் தோட்டத்தின் குத்தகைக்காரர்கள் காலி செய்தபோது விட்டுப்போன பெட்டை நாயை நாங்கள் வளர்க்கப்போகிறோம் என்றதும் மாமியார் பயந்தார். “ஒருத்தரைக் கடிச்சுட்டா அப்புறம் பறிப்புக்கு யாரும் வரமாட்டாங்க தாயி” என்றார். நியாயமான பயம்தான். ஒரு மாதம் பார்ப்போம் என்று கெடு வைத்துக்கொண்டோம்.

நாய் எலும்பும் தோலுமாக இருந்தது. குட்டியாக இருந்தபோது கட்டிய நைலான் கயிறு கழுத்துச் சதையில் இறுகிப் புண்ணாகியிருந்தது. காதெல்லாம் உண்ணி. கயிற்றை நாங்கள் தொடவில்லை. வலி வந்தால் சாதுவான நாயும் கடிக்கும். கால்நடை மருத்துவரை வரவழைத்தோம். அவர் வாயைத் துணியால் கட்டி, கயிற்றை அறுத்து, புண்ணுக்கு மருந்து போட்டார். உண்ணிக்கும் குடற்புழுவுக்கும் மருந்து கொடுத்து, வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டார். ஒரு மாதம் கழித்து இரண்டாவது ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒன்று. உடம்பு தேறியதும் கருத்தடை செய்யச் சொன்னார்.

பட்டினி கிடந்த நாய்க்குத் தட்டு நிறைய வைத்துவிடக் கூடாது. காய்ந்த வயிறு தாங்காது. நாளுக்கு நான்கு முறை, கொஞ்சம் கொஞ்சமாகச் சோறும் அவித்த முட்டையும் கொடுத்தோம். குழம்புச் சோறு வேண்டாம். நம் பக்கம் எந்தக் குழம்பிலும் சின்ன வெங்காயம் இருக்கும். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வெந்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும்.

உடம்பு சீக்கிரம் தேறியது. பயம் தெளியத்தான் நாளானது. மண்வெட்டிக் காம்பைப் பார்த்தாலே பதுங்கிச் சிறுநீர் விட்டுவிடும். மோட்டார் ரூம் ஓரம் சாக்கு விரித்து, அது அதன் இடம், அங்கே யாரும் போய்த் தொடக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டேன். சாப்பிடும்போது பிள்ளைகள் கிட்டே போகக் கூடாது. தினமும் அதே நேரத்தில் நானே சோறு வைப்பேன். அதன் கண்ணைப் பார்க்காமல், சற்றுத் தள்ளித் திரும்பி உட்கார்ந்து கொத்தவரங்காய் கிள்ளுவேன். 12-ஆம் நாள் அதுவாக வந்து முந்தானையை மோந்து பார்த்தது. நான் கை நீட்டவில்லை. மறு வாரம் என் காலருகே படுத்தது.

பறிப்பு நேரத்தில் நெஞ்சைச் சுற்றிப் பட்டை போட்டு, ஆள்கள் கண்ணில் படும் தூரத்தில் கட்டினோம். போகிற வருகிறவர்கள் தள்ளி நின்றே ஒரு துண்டு பிஸ்கட் போடுவார்கள். பறிப்பு முடிந்ததும் அவிழ்த்துவிடுவோம். நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கும் நாய்தான் அதிகம் சீறும். மருந்து அடிக்கும் நாளில் மட்டும் வீட்டோடு வைத்துக்கொள்வோம். கெடு முடிந்த அன்று மாமியார் அதைப் பற்றிப் பேசவே இல்லை. கறுப்பிக்குத் தயிர்ச்சோறு பிசைந்துகொண்டிருந்தார்.

எடுத்து வளர்க்க நினைப்பவர்கள் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். செப்டம்பர் 28, உலக வெறிநோய் தினத்தையொட்டிப் பல ஊர்களில் இலவச முகாம் நடக்கும். கால்நடை மருந்தகத்தில் விசாரியுங்கள். எந்த நாய் கடித்தாலும் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள். அறிகுறி தெரிந்த பிறகு வெறிநோயிலிருந்து பிழைப்பது அரிதிலும் அரிது.