யார் சொன்னாலும் கேட்கலாமா?

"சொன்ன பேச்சைக் கேள்!" இந்த வார்த்தை காதில் விழாமல் எந்தத் தமிழ்ப் பிள்ளையும் வளர்ந்திருக்க முடியாது. கிறிஸ்தவ வீடு என்றால் இதோடு 'கீழ்ப்படிதல்' என்ற சொல்லும் சேர்ந்துகொள்ளும். இரவு ஜெபத்தில் வரும், ஓய்வுநாள் பள்ளிப் பாட்டில் வரும், கல்யாண ஆராதனைப் பிரசங்கத்தில் கட்டாயம் வரும். அதைச் சொல்லும்போதே பெரியவர்களின் குரல் கொஞ்சம் கனத்துவிடும்.

எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியில் பல வருடங்களாகப் பாடம் சொல்லித் தருகிறேன். ஒருமுறை ஒரு சிறுமி எழுந்து, "டீச்சர், கீழ்ப்படியிற பிள்ளைன்னா கேள்வி கேக்கக் கூடாதா?" என்றாள். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு அது சிரிக்கிற கேள்வியாகத் தெரியவில்லை. அந்த வாரம் முழுக்க அந்த ஒரே கேள்வியோடு பைபிளைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

முதலில் நம் மொழியைப் பாருங்கள். காதால் கேட்பதும் கேட்பதுதான். வாயால் வினவுவதும் கேட்பதுதான். "அவன் அப்பா சொன்னா கேப்பான்" என்றால் சொன்னபடி நடப்பான் என்று பொருள். மூன்றுக்கும் தமிழில் ஒரே சொல். பழைய ஏற்பாடு எழுதப்பட்ட எபிரெய மொழியிலும் செவிகொடுப்பதற்கும் கீழ்ப்படிவதற்கும் 'ஷமா' என்று ஒரே சொல்தான். லத்தீனில் கீழ்ப்படிதலைக் குறிக்கும் சொல்லே, 'கேட்டல்' என்ற சொல்லிலிருந்து பிறந்தது.

6-ம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த பெனடிக்ட் என்ற துறவி, மடத்தில் வாழ்பவர்களுக்காக ஓர் ஒழுங்கு நூல் எழுதினார். கீழ்ப்படிதலை மிகக் கண்டிப்பாக வற்புறுத்தும் நூல் அது. அதன் முதல் சொல்லே 'கேள்' என்பதுதான். அதே நூலில் அவர் மடத்தின் தலைவருக்கும் ஒரு கட்டளை வைத்திருக்கிறார். முக்கியமான முடிவு எடுக்கும் முன் எல்லோரையும் கூட்டி ஆலோசனை கேட்க வேண்டும். ஆகச் சிறியவரையும் விட்டுவிடக் கூடாது. நல்ல யோசனையைக் கடவுள் பல நேரம் இளையவருக்கே காட்டுகிறார் என்கிறார். கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றால், மேலே இருப்பவரும் கீழே காது கொடுக்க வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு.

லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தில் 12 வயது இயேசு வருகிறார். பண்டிகைக்குப் போன இடத்தில் எருசலேம் தேவாலயத்திலேயே தங்கிவிடுகிறார். மூன்று நாள் கழித்துப் பெற்றோர் கண்டுபிடிக்கும்போது போதகர்களின் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். அவர்கள் பேசுவதைக் கேட்கிறார், அவர்களிடம் கேள்விகளும் கேட்கிறார். பிறகு நாசரேத்துக்குத் திரும்பி, பெற்றோருக்குக் கீழ்ப்படிந்து வாழ்ந்தார் என்று அதே பகுதி முடிகிறது. அவருடைய தாய் மரியாளும் அப்படித்தான். தேவதூதன் வந்து சொன்னபோது, "இது எப்படி ஆகும்?" என்று கேட்ட பிறகுதான் "ஆகட்டும்" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தச் சிறுமிக்கு இந்த இரண்டையும்தான் பதிலாகச் சொன்னேன்.

படைத்தலைவனும் பணிப்பெண்ணும்

கேட்பது நல்லது என்று எல்லோரும் ஒப்புக்கொள்வோம். யாரிடம் கேட்பது என்பதில்தான் சிக்கல். நம் வீடுகளில் பேச்சு எப்போதும் மேலிருந்து கீழேதான் வரும். பெரியவர் சொல்வார், சின்னவர் கேட்பார். பைபிளில் இது அடிக்கடி தலைகீழாக நடக்கிறது.

நாகமான் சீரியா நாட்டுப் படைத்தலைவன். அவனுக்குக் குஷ்டம். அவன் வீட்டில் வேலை செய்தவள், இஸ்ரவேலிலிருந்து சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்ட ஒரு சின்னப் பெண். "எங்கள் ஊர்த் தீர்க்கதரிசியிடம் போனால் குணமாவார்" என்று எஜமானியிடம் சொல்கிறாள். பைபிளில் அவளுக்குப் பெயர்கூட இல்லை. நாகமான் வெள்ளியும் பொன்னும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். எலிசா வெளியே வந்து பார்க்கக்கூட இல்லை. "யோர்தானில் ஏழு தரம் முழுகு" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்புகிறார். நாகமானுக்குக் கோபம். தமஸ்குவில் இல்லாத ஆறா என்று திரும்புகிறான். வேலைக்காரர்கள்தான் பக்குவமாகப் பேசி அவனை ஆற்றில் இறக்குகிறார்கள். தொடக்கத்தில் ஓர் அடிமைப் பெண், முடிவில் வேலைக்காரர்கள். அந்த இரண்டு பேச்சும் காதில் ஏறாமல் இருந்திருந்தால் தீர்க்கதரிசியால் அவனுக்கு ஒரு பயனும் இல்லை.

என் மாமனார் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுநாள் பள்ளியில் நாற்பது வருடம் பாடம் எடுத்தவர். நாகமான் கதை சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. யோர்தானில் ஒவ்வொரு முழுக்குக்கும் பிள்ளைகளையே எண்ணவைப்பார்.

அவருக்குச் சர்க்கரை வியாதி உண்டு. ஒரு கோடையில் கால் பெருவிரலில் செருப்பு கடித்துப் புண்ணானது. என் கணவர், "ஆஸ்பத்திரிக்குப் போவோம்பா" என்று மூன்று நாள் சொன்னார். நானும் சொன்னேன். "ஜெபம் பண்ணிட்டுத்தான இருக்கேன், மருந்தும் போடுதேன். எனக்கே பாடம் எடுக்கியளா?" என்று முடித்துவிட்டார். அந்த வீட்டில் அவருக்கு எதிர்ப்பேச்சு பேசிப் பழக்கம் இல்லை.

வீட்டு வேலைக்கு வரும் அக்காவோடு லீவு நாட்களில் அவருடைய மகளும் வருவாள். பதினாறு வயது இருக்கும். முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தவள், நாற்காலியில் இருந்த மாமனாரின் காலைப் பார்த்து நின்றுவிட்டாள். "தாத்தா, இது ஆறுற புண்ணு இல்ல. எங்க ஆச்சிக்கும் இப்படித்தான் கறுத்துச்சு. கடைசியில முட்டிக்குக் கீழ எடுத்துட்டாவ. இன்னைக்கே போங்க தாத்தா" என்றாள். அவள் அம்மா பதறிப்போய், "ஏ, சும்மா கெட" என்று அவளை இழுத்துக்கொண்டு போனார்.

மாமனார் அன்றைக்கு யாரோடும் பேசவில்லை. இரவு ஜெபத்தையும் என் கணவரையே நடத்தச் சொல்லிவிட்டார். காலையில் காபி கொண்டுபோனபோது வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார். "ஆட்டோ கூப்பிடும்மா" என்றார்.

விரலை எடுக்க வேண்டியிருந்தது. கால் தப்பியது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் காலுக்கே ஆபத்து என்றார் டாக்டர்.

வீடு திரும்பிய பிறகு ஒருநாள், தானாகவே பேச்சை எடுத்தார். "நாகமான் கதைய எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! அம்புட்டு தரமும் எலிசா பக்கத்துல நின்னுதாம்மா சொல்லியிருக்கேன்." அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. தினமும் கட்டு மாற்ற என் கணவர் தரையில் உட்காரும்போது காலை நீட்ட அவர் பட்ட கூச்சத்தைப் பார்த்திருக்கிறேன். இயேசு பாதம் கழுவ வந்தபோது பேதுரு ஏன் அப்படி மறுத்தார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. பிறர் காலைக் கழுவுவதிலாவது நாம் நல்லவர் என்ற திருப்தி கிடைக்கும். தன் காலை இன்னொருவர் கையில் கொடுப்பதில் அதுவும் கிடையாது.

தரங்கம்பாடியில் ஒரு மாணவர்

வெளியாரிடம் கேட்டால் நம் விசுவாசம் நீர்த்துப்போகுமே என்று சிலர் பயப்படுகிறார்கள். மோசே அப்படிப் பயப்படவில்லை. காலை முதல் மாலை வரை ஒற்றை ஆளாக ஜனங்களுக்கு நியாயம் தீர்த்துக் களைத்துப்போன அவருக்கு வழி சொன்னவர் மாமனார் எத்திரோ. அவர் மீதியான் தேசத்து ஆசாரியர். ஆயிரம் பேருக்கு ஒருவர், நூறு பேருக்கு ஒருவர், ஐம்பது பேருக்கு ஒருவர், பத்துப் பேருக்கு ஒருவர் என்று தலைவர்களை வைத்து வேலையைப் பகிரச் சொன்னார். கடவுளோடு நேரில் பேசிய மோசே, மாமனார் சொன்னபடியே செய்தார்.

நம் ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கியவர் ஜெர்மானிய இளைஞர் பர்த்தலோமேயு சீகன்பால்க். டென்மார்க் மன்னரால் போதிக்க அனுப்பப்பட்டவர். வந்த இடத்தில் அவர் முதலில் மாணவரானார். திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒருவரைப் பிள்ளைகளோடு தன் வீட்டுக்கே வரவழைத்து, அந்தப் பிள்ளைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் தமிழ் எழுத்துகளை எழுதிப் பழகினார்.

படிக்கத் தெரிந்ததும் ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். 1708-லேயே நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களைப் பற்றிக் குறிப்பு எழுதினார். அதே ஆண்டில் கொன்றை வேந்தன், உலகநீதி, நீதிவெண்பா ஆகியவற்றை ஜெர்மனில் மொழிபெயர்த்தார். தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி, அவர்கள் எழுதிய பதில்களையும் மொழிபெயர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். தன் விசுவாசத்தை அவர் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-ல் தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது. ஔவையின் வரிகளைப் படித்த அதே கண்கள்தான் அந்த அச்சுத் தாள்களையும் படித்தன.

இதற்கு அவர் விலையும் கொடுத்தார். தென்னிந்தியக் கடவுளர் வழிபாட்டைப் பற்றி 1713-ல் அவர் எழுதிய பெரிய நூலை, ஜெர்மனியிலிருந்த அவருடைய மேலிடம் அச்சிட மறுத்தது. போதிக்கப் போனவர் அந்த ஊர்க் கதைகளை இங்கே ஏன் பரப்ப வேண்டும் என்பது அவர்கள் கோபம். சீகன்பால்க் 1719-ல், 36 வயதில், தரங்கம்பாடியிலேயே காலமானார். அந்த நூல் 1867-ல்தான் சென்னையில் அச்சேறியது. மறுத்தவர்களும் பக்திமான்கள்தான். கற்பிக்கப் போனவர் கற்றுக்கொள்ளவும் செய்வார் என்பது அவர்களுக்குப் பிடிபடவில்லை.

திருநெல்வேலிப் பக்கம் எச்.ஏ.கிருஷ்ணபிள்ளையைச் சொல்லாமல் இருக்க முடியாது. வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறி வளர்ந்து, 1858-ல் கிறிஸ்தவரானவர். ஜான் பன்யன் என்ற ஆங்கிலேயர் எழுதிய மோட்சப் பயணக் கதையைத் தழுவி, 1894-ல் 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காவியத்தைத் தந்தார். கதை இங்கிலாந்திலிருந்து வந்தது. நடை கம்பன் வீட்டிலிருந்து வந்தது. பழைய படிப்பை மூட்டை கட்டி வெளியே போட்டிருந்தால் அந்தக் காவியம் நமக்குக் கிடைத்திருக்காது.

எதையும் கேட்பதா?

அப்படியானால் யார் எது சொன்னாலும் கேட்டுவிடலாமா? காது கொடுப்பது எல்லோருக்கும். அதன்படி நடப்பதற்கு முன் சோதித்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் சோதித்து நல்லதைப் பிடித்துக்கொள்ளும்படி பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினார். மனிதருக்கா, கடவுளுக்கா என்ற கட்டம் வந்தபோது, பேதுரு ஆலோசனைச் சங்கத்தின் முகத்துக்கு நேராகவே, தான் கடவுளுக்குத்தான் கீழ்ப்படிவேன் என்றார்.

இதை நான் ஏட்டளவில் சொல்லவில்லை. எங்கள் உறவில் ஒரு பெண். கணவன் குடித்துவிட்டு அடிப்பான். மூன்று வருடம் தாங்கிய பிறகு ஒரு பெரியவரிடம் போய் அழுதாள். "மனைவி கீழ்ப்படியணும்னு வேதத்துல இருக்கும்மா, பொறுத்துப் போ" என்று அனுப்பிவிட்டார். அவர் சுட்டிய அதே அதிகாரம், கணவன் தன் மனைவியைத் தன் சொந்த உடலைப் போல நேசிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதை அவர் அவளுக்கு ஞாபகப்படுத்தவில்லை. அவள் கணவனுக்கும் போய்ச் சொல்லவில்லை.

அவளைக் காப்பாற்றியது யார் தெரியுமா? அவளுடைய மாமியார். பள்ளிக்கூடம் போகாதவர், பைபிளை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். ஒரு விடியற்காலையில் மருமகளின் துணிகளைப் பையில் எடுத்துவைத்து, கையில் பஸ் காசைக் கொடுத்து, "பிள்ளைய தூக்கிட்டு உங்க அம்மா வீட்டுக்குப் போ. என் மகன் திருந்தினா நானே கூட்டியாறேன். அதுவரைக்கும் வராத" என்றார். பெற்ற மகனுக்கு எதிராக ஒரு தாய் சொன்ன வார்த்தை அது. சொன்னதால் அவருக்கு நஷ்டம்தான். நாகமான் வீட்டு அடிமைப் பெண்ணுக்கும் தன் வார்த்தையால் சொந்த லாபம் எதுவும் இருந்ததாகப் பைபிள் சொல்லவில்லை.

எந்தப் பேச்சைக் கேட்பது என்று குழப்பம் வரும்போது நான் இதைத்தான் பார்க்கிறேன். இதைச் சொல்வதால் சொல்பவருக்கு என்ன கிடைக்கிறது? இதைக் கேட்டால் யாருக்காவது உயிர் தப்புமா, அல்லது சொல்பவரின் அதிகாரம் மட்டும் தப்புமா? இந்த இரண்டையும் கேட்டுப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடுகிறது. மீதிப் பாதிக்கு ஜெபம் இருக்கிறது.

அந்தப் பெண் இப்போது ஒரு தையல் கடையில் வேலை பார்க்கிறாள். குழந்தை பள்ளிக்கூடம் போகிறது. மாமியார் மாதம் ஒருமுறை பஸ் ஏறி வந்து பேரனைப் பார்த்துவிட்டுப் போகிறார். மகன் இன்னும் திருந்தவில்லை. வரும்போதெல்லாம் அவரும் மருமகளும் சேர்ந்து அவனுக்காக ஜெபம் பண்ணுகிறார்கள்.